பட்டாள லாரியின் வயிற்றில் தண்ணீர்

அத்தியாயம் 7

துப்பறியும் சேதுபதியின் ஆபீஸ், டன்லப் ஸ்திரீட்டில் ஒரு மிளகாய் மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது. ஆகையால் அவரைத் தேடி வந்த கட்சிக்காரர்கள் எல்லாருமே கண்ணீரும் கம்பலையுமாகத்தான் படியேறினார்கள். பாதிப் பேருக்குத் துக்கம். மீதிப் பேருக்கு மிளகாய். எது எதுவென்று பிரித்துக் காண்பதுதான் துப்பறிவின் பாலபாடம் என்பார் சேதுபதி.

1963ஆம் வருஷம் அக்டோபர் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. ஆயுத பூஜை முடிந்து எட்டு நாளாகியும் மேஜை மீதிருந்த பூதக்கண்ணாடி, கைவிலங்கு, முழங்கை நீளத்துக்கு ஐந்து பாட்டரி டார்ச் எல்லாம் சந்தனப் பொட்டோடு மாப்பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. எதிரே டைப்ரைட்டரில் உதவியாளர் உர்சுலா. நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிப்பாள். அதற்கு இரண்டு மடங்கு பேசுவாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர், கழுத்தில் இஞ்சி டேப் தொங்கிய தையல்காரர் மருதப்பன்.

"சார், ஒரு துரோகியைக் கண்டுபிடிக்கணும்."

"பேரு?"

"பேரு தெரியும் சார். இயேசுதாசன். என் கூட்டாளி."

"அப்போ நான் என்னத்தைக் கண்டுபிடிக்க?"

"ஆதாரம்!"

"சார், இவரு சமைச்சு முடிச்சுட்டே வந்திருக்காரு," என்றாள் உர்சுலா. "நாம இலை போட்டாப் போதும்."

படியில் கீச், கீச் என்று ரப்பர் செருப்புச் சத்தம் கேட்டது. மருதப்பன் முகம் வெளிறியது. "அவன்தான்! அந்தச் செருப்பு எனக்குத் தெரியும்!" என்றவர் அலமாரிக்குப் பின்னால் பாய்ந்து மறைந்தார். அவருடைய தொப்பையில் கால்வாசி மட்டும் வெளியே நின்றது.

வந்தவர், வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் அணிந்த இயேசுதாசன். இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராகக் கட்டுப் போட்டவர். தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர் தாமாகவே நாக்கை நீட்டிக் காட்டுவார்.

"மிஸ்டர் சேதுபதி, ஒரு துரோகி. பேரு மருதப்பன்."

அலமாரி தும்மியது.

"அது பழைய அலமாரி," என்றார் சேதுபதி நிதானமாக. "நீங்க சொல்லுங்க."

இயேசுதாசன் சொன்னதும், பின்னால் மருதப்பன் சொன்னதும் ஒரே கதைதான். பிரிட்டிஷ் பட்டாளத்தார் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது, சிப்பாய்களுக்கு உடுப்புத் தைத்துக்கொண்டிருந்த மருதப்பன் காதில் அந்தச் செய்தி விழுந்தது. யுத்தத்தில் பீரங்கி இழுத்த ஆறு சக்கர லாரி ஒன்றை இருவரும் சேர்ந்து எடுத்தார்கள். சேறு, காடு, மேடு எதுவானாலும் ஏறும் லாரி. அன்றுவரை மருதப்பன் பிரித்து மாட்டிய ஒரே யந்திரம் தையல் மெஷின். இயேசுதாசன் பிரித்து மாட்டியது ஒன்றுமில்லை; டாக்டர்கள் பிரித்ததைத் தைத்திருக்கிறார்.

நான்கு மாதம் பாடுபட்டு அதற்கு உயிர் கொடுத்தார்கள். போன மாதம், ஆயுத பூஜைக்கு முந்தின புதன்கிழமை, லாரி முதல்முறையாக உறுமியது. நான்கு நிமிஷம். அந்த நான்கு நிமிஷத்தில் தேக்கா வட்டாரத்துப் பாசாரில் கோழிகள் ஒரே சமயத்தில் முட்டையிட்டன. சிங்கப்பூர்த் தீவு ஜோகூர்ப் பக்கமாக அரை அங்குலம் நகர்ந்தது. நண்பர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். அடுத்த திங்கட்கிழமை மறுபடி முடுக்கினார்கள். லாரி முனகக்கூட இல்லை. வியாழன் வரைக்கும் அதே கதை.

"ஜுரோங்குல காட்டை வெட்டி, மலையை வெட்டி, தொழிற்பேட்டை போடுறாங்க," என்றார் இயேசுதாசன். "மண் அள்ள லாரி வேணும். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எங்க வண்டி செம்மண் மேட்டுல ஏறிக் காட்டணும். ஏறினா ரெண்டு வருஷ வேலை. இல்லேன்னா வேற லாரி வந்துடும். நான் ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டேன் சார். வழியனுப்பு விழா நடத்தி கடிகாரம் குடுத்துட்டாங்க. இப்ப திரும்பிப் போனா கடிகாரத்தைத் திருப்பிக் கேப்பாங்க."

"நான் மூணு தையல் மெஷின்ல ரெண்டை வித்துட்டேன்!" என்றது அலமாரி.

அதன் பிறகு ஒளிவதில் அர்த்தமில்லை. நண்பர்கள் நேருக்கு நேர் நின்றார்கள்.

"மிஸ்டர் மருதப்பன்."

"மிஸ்டர் இயேசுதாசன்."

இருபது வருஷமாக ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டவர்கள் என்பது சேதுபதிக்குத் தெரியும்; தேக்கா முழுவதுக்குமே தெரியும். அந்த 'மிஸ்டர்' அறையைக் குளிர வைத்தது.

"இவருதான் ராத்திரியோட ராத்திரியா ஏதோ செஞ்சிருக்காரு," என்றார் மருதப்பன். "கேலாங்குல பழைய இரும்புக் கடை வச்சிருக்காரே அழகப்பன், அவரு ஏலத்துல எங்ககிட்டத் தோத்தவரு. தினம் வந்து 'வண்டியைக் குடுத்துடு'ன்னு கேக்குறாரு. இந்த மிஸ்டர் அவருகூடச் சேர்ந்துட்டாரு."

"சேர்ந்தது அவரு!" என்றார் இயேசுதாசன்.

"ரெண்டு கட்சிக்காரங்க, ரெண்டு குற்றவாளிங்க, மொத்தம் ரெண்டே ஆளு," என்றாள் உர்சுலா. "சிக்கனமான கேஸ் சார், எடுத்துக்கலாம் லா."

*

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், முன்பு மாட்டுக் கொட்டகை இருந்த காலி மனையில் லாரி நின்றது. நின்றது என்பதைவிட, அந்த வட்டாரம் அதைச் சுற்றி நின்றது என்பதே சரி. ஒவ்வொரு சக்கரமும் உர்சுலாவின் தோளுக்கு வந்தது. ஒரு கதவில் 'முனியாண்டி' என்று எழுதியிருந்தது. சுற்றிப் போய்ப் பார்த்தால் மற்றக் கதவில் 'சவேரியார்'.

"பேர் வைக்கறதுல சண்டை வந்துச்சு," என்றார் மருதப்பன். "அப்புறம் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஆளுக்கு ஒரு கதவு, வெளியில மட்டும். வண்டிக்கு உள்ளே சாமி விஷயம் ரெண்டு பேருக்கும் கிடையாது."

"இன்னிக்கு வரைக்கும் நான் மீறலை," என்றார் இயேசுதாசன்.

"நானும் மீறலை," என்றார் மருதப்பன்.

இருவரும் ஒரே சமயத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அப்போது சேதுபதி சக்கரத்தை அளந்துகொண்டிருந்தார்; கவனிக்கவில்லை.

கற்றுக்குட்டிகளின் கைவண்ணம் லாரி முழுவதும் மின்னியது. மேல்கூரைத் தார்ப்பாய்க்கு இரட்டைத் தையல் போட்டு, உள்பக்கம் இரண்டு பாக்கெட்டும் வைத்திருந்தார் தையல்காரர். ரேடியேட்டர்க் குழாய்களில் பிளாஸ்டர் ஒட்டி, ஓரத்தில் தேதி எழுதியிருந்தார் டிரஸ்ஸர். முன் பம்பரில் ஒரு ஜுர அட்டை தொங்கியது. 'திங்கள்: அசைவில்லை. செவ்வாய்: அசைவில்லை. புதன்: நோயாளி லேசாக ஏப்பம் விட்டார்.'

சீட்டுக்கடியில் ஒரு பிஸ்கட் டின்னைக் கண்டுபிடித்தார் சேதுபதி. உலுக்கினார், கலகலவென்றது. திறந்தால், உள்ளே நாற்பத்து மூன்று நட்டும் போல்ட்டும்.

"ஆஹா! களவாடி ஒளித்து வைத்த பாகங்கள்!"

"அது மிச்சம் சார்," என்றார் மருதப்பன் பெருமையாக. "பிரிச்சு மாட்டினதுல மீந்தது. நல்ல கட்டிங்னா மிச்சம் விழணும். ரெண்டரை கெஜத்துல தைக்கிறதை ரெண்டே கால்ல தைக்கிறவன்தானே டைலரு?"

"அந்த மிச்சத்துல பிரேக் எதுவும் இல்லையே?" என்று கேட்டாள் உர்சுலா, இரண்டடி பின்னால் நகர்ந்து.

சேதுபதி லாரிக்கு அடியில் தவழ்ந்தார். டார்ச்சின் பொத்தானை அழுத்தினார். எரியவில்லை. தட்டினார், குலுக்கினார், நெஞ்சில் தேய்த்தார். "போன வாரம் புது பாட்டரி போட்டேன்! எல்லாம் கலப்படம்! உர்சுலா, ஒரு தீக்குச்சி கிழி."

"பெட்ரோல் டேங்க்குக்குக் கீழேயா சார்? கேஸை முடிக்கறதுக்குச் சுலபமான வழிதான். நம்மளும் சேர்ந்து முடிஞ்சுருவோம்."

கடைசியில் மருதப்பன் தன் கடையின் நிலைக்கண்ணாடியைத் தூக்கி வந்து சாய்த்துப் பிடிக்க, வெயில் லாரிக்கடியில் பாய்ந்தது. டேங்கிலிருந்து இறங்கும் குழாயின் நடுவே ஒரு கண்ணாடிக் கிண்ணம் தெரிந்தது. பெட்ரோலில் வரும் கசடு தங்குவதற்காகப் பட்டாளத்தார் வைத்தது. அதற்குள் இரண்டு அடுக்குகள். மேலே மஞ்சள் நிறமாகப் பெட்ரோல். கீழே, பளிங்குபோல, வேறொன்று.

சேதுபதி கிண்ணத்தைக் கழற்றி முகர்ந்தார். விரலை விட்டு நக்கினார். முகம் பரவசமாயிற்று.

"தண்ணீர்! பெட்ரோல் டேங்கில் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்! இது நோயல்ல, கொலை!"

கூட்டாளிகள் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.

*

உர்சுலாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் உயிரையும் பிடித்தபடி சேதுபதி கேலாங் போய்ச் சேர்ந்தார். வழி நெடுக, தெருக் குழாய்களில் வாளி வரிசைகள். மழை பொய்த்து அந்த வருஷம் சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு. நாள் விட்டு நாள் குழாய் நின்றது. மனிதர்கள் ஒரு குவளையில் குளித்துவிட்டு, அதே தண்ணீரில் பாதியை நாளைக்கு எடுத்து வைத்தார்கள்.

அழகப்பன் தன் இரும்புக் கடை வாசலில் தானே தண்ணீர் வாளியோடு நின்றார். கடோத்கஜன் மாதிரி உருவம், பெண்பிள்ளைக் குரல்.

"டேங்க்குல தண்ணி ஊத்தினேனா?" அவர் வாளியைக் கீழே வைத்தார், ஒரு சொட்டு சிந்தியதைப் பார்த்து வருத்தப்பட்டார். "ஐயா, காலையில அஞ்சு மணிக்கு வரிசையில நின்னேன். இப்பத்தான் கிடைச்சுது. இதைக் கொண்டுபோய் அவனுங்க லாரியில ஊத்துவேனா? வண்டியைக் கெடுக்கணும்னா ஒரு கட்டி சீனியைப் போட்டுட்டுப் போறேன். சீனிக்கு வரிசை இல்லையே!"

"நீங்க ஏன் தினமும் அந்த லாரியைப் பாக்கப் போறீங்க?"

அழகப்பனின் கழுத்து சிவந்தது. "பாக்கத்தான்."

"உள்ளே ஏறி உக்காந்து ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்களாமே," என்றாள் உர்சுலா. "மருதப்பன் சொன்னாரு."

"அதுல என்ன தப்பு?" என்று முணுமுணுத்த அழகப்பன் பேச்சை மாற்றினார். "என்னை விடுங்க. நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேன். ஆயுத பூஜை அன்னிக்கு டைலரு பானெட்டைத் தொறந்து, இடுப்பு வரைக்கும் உள்ள குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. என்னைப் பார்த்ததும் சும்மான்னாரு. ஞாயித்துக்கிழமை அந்த டிரஸ்ஸரு டேங்க் மூடிகிட்ட நின்னாரு. அவரும் சும்மான்னுதான் சொன்னாரு. ரெண்டு பேரும் சும்மா இருக்கறவங்களே இல்லை ஐயா."

திரும்பும் வழியில் ஸ்கூட்டர் ஒரு குழாயடி வரிசைக்காக நின்றது. சேதுபதி அந்த வாளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று உர்சுலாவின் தோளைத் தட்டினார்.

"உர்சுலா, அழகப்பன் சொன்னது சரி. ஊரே வறண்டு கிடக்கும்போது, கெடுக்க நினைப்பவன் தண்ணீரை வீணாக்க மாட்டான். அப்படியும் ஊற்றியிருக்கிறான் என்றால், அது வேறு வகைத் தண்ணீர். உங்க வீட்டிலே, குழாய் நின்ற நாளில்கூட யாரும் தொடாத தண்ணீர் ஏதாவது இருக்கா?"

"எங்க வீட்லயா? எல்லாத்தையும் குடிச்சாச்சு சார். மாதா படத்துக்குக் கீழ ஒரு புட்டி மட்டும் இருக்கு. ஊர்லேருந்து கப்பல்ல வந்த மந்திரிச்ச தண்ணி. அதை எங்கம்மா தாகத்துல மயங்கி விழுந்தாலும்..."

உர்சுலா பாதியில் நிறுத்தினாள். அவள் வாய் தானாகவே மூடிக்கொண்ட அந்த அரை நிமிஷம், ஆபீஸ் சரித்திரத்தில் முதலும் கடைசியுமானது.

"தினம் பார்த்த புட்டி சார்," என்றாள் பிறகு. "அதனாலதான் எனக்குத் தோணவே இல்லை."

*

மாலை நான்கு மணிக்குக் காலி மனையில் தேக்காவே கூடிவிட்டது. அழகப்பனும் வந்து ஓரமாக நின்றார். சேதுபதி லாரியின் படிக்கட்டில் ஏறித் தொண்டையைச் செருமினார்.

"மிஸ்டர் இயேசுதாசன், உங்க சம்சாரம் பிலோமினம்மாளை விசாரித்துவிட்டுத்தான் வருகிறோம். அவர் அலமாரியில் பூட்டி வைத்திருந்த தீர்த்தப் புட்டி இப்போது எங்கே?"

டிரஸ்ஸரின் வெள்ளைச் சட்டையைவிட முகம் வெளுத்தது. பிறகு உடைந்தார்.

"நாலு நிமிஷம் ஓடுச்சே சார். நன்றி சொல்லாம எப்படி இருக்கறது? ஒப்பந்தத்துல உள்ளே சாமி கூடாதுன்னு இருக்கு. தெரிஞ்சா டைலரு மனசு கஷ்டப்படுவாரு. அதான் சொல்லாம... ஒரு புட்டி போதும்னுதான் நெனைச்சேன். ஆனா இவ்வளவு பெரிய வண்டியாச்சே. மூணு ஊத்தினேன்."

கூட்டம் 'அல்லாமா!' என்றது. மருதப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அவர் முகத்தில் நியாயவானின் களை சொட்டியது.

"ஒப்பந்தத்தை மீறிட்டீங்களே, மிஸ்டர் இயேசுதாசன். கையெழுத்துப் போட்ட கை! நான் மட்டும் அப்படிச் செஞ்சேனா?"

டேங்கைக் காலி செய்தார்கள். குழாயை ஊதினார்கள். புதுப் பெட்ரோல் ஊற்றினார்கள். சேதுபதி கையை உயர்த்த, மருதப்பன் முடுக்கினார். எஞ்சின் 'ஊம், ஊம், ஊம்' என்று சுற்றியது. கூட்டம் மூச்சைப் பிடித்தது.

லாரி கிளம்பவில்லை.

பத்து முறை, இருபது முறை. இல்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நாளைக் காலைக்கு இன்னும் பதினேழு மணி நேரம். இயேசுதாசன் பம்பரில் தொங்கிய அட்டையை எடுத்து, 'வெள்ளி' என்று எழுதிவிட்டு, மேற்கொண்டு எழுத முடியாமல் நின்றார். சேதுபதியின் மீசை தொங்கியது. தப்பிக்க ஒரு காரியம் வேண்டுமே என்று அவர் மறுபடி லாரிக்கு அடியில் குனிந்து, டார்ச்சை அழுத்தினார். அதுவும் எரியவில்லை.

உர்சுலா டார்ச்சைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள். மறுபடி டார்ச்சைப் பார்த்தாள்.

"சார், இது என்னிக்கிலேருந்து எரியலை?"

"ஒரு வாரமா. பாட்டரிக்காரன் ஏமாத்திட்டான்."

"ஒரு வாரத்துக்கு முன்னாடி என்ன நாளு?"

"ஆயுத பூஜை."

அவள் டார்ச்சை வாங்கி அடிப்பக்கத்தைத் திருகினாள். மூடிக்குள் இருந்த ஸ்பிரிங்கின் நுனியில், பாட்டரி தொடவேண்டிய இடத்தில், சுண்டைக்காய் அளவு சந்தனம் காய்ந்து கல்லாகி இருந்தது. நடுவில் குங்குமமும்.

"வெளியில பொட்டு வச்சாப் போதாதா சார்?"

"வேலை செய்கிற பாகம் உள்ளேதானே இருக்கு?" என்றார் சேதுபதி, சிறிய குரலில். "முழு மரியாதை செய்யணும் என்று..."

உர்சுலா தன் கைப்பையிலிருந்து நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து நான்கு தேய் தேய்த்தாள். மூடியைத் திருகி அழுத்தினாள். ஐந்து பாட்டரியும் சேர்ந்து பளீரென்று அடித்த வெளிச்சம், நேராக மருதப்பனின் முகத்தில் விழுந்தது.

அந்த முகத்தில் இப்போது நியாயவானின் களை இல்லை.

"டைலர் அண்ணே," என்றாள் உர்சுலா இனிமையாக, "ஆயுத பூஜை அன்னிக்கு இடுப்பு வரைக்கும் உள்ள குனிஞ்சுக்கிட்டு என்ன செஞ்சீங்க?"

மருதப்பன் இஞ்சி டேப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "நாலு நிமிஷம் ஓடுச்சே தங்கச்சி," என்றார் கடைசியில். "மெஷினுக்கு வைக்கிறேன், கத்தரிக்கு வைக்கிறேன், அளவு குறிக்கிற சாக்கட்டிக்குக்கூட வைக்கிறேன். இவ்வளவு பெரிய ஆயுதத்துக்கு வைக்காம இருந்தா நாளைக்கு அது கேக்காதா? டிரஸ்ஸருக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரேன்னு கண்ணுக்குத் தெரியாத இடமாப் பார்த்து வச்சேன்."

"எத்தனை இடம்?"

"நூத்தியெட்டு."

அன்றைய மாலையின் மிச்சம் ஒரு யாத்திரையாக நடந்தது. மருதப்பன் வழிகாட்ட, ஒவ்வொரு பொட்டாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். நூற்றேழு பொட்டுகளால் ஒரு பாதகமும் இல்லை. நூற்றெட்டாவது, எஞ்சின் பக்கவாட்டில் ஒரு பழுப்பு மூடிக்குள் இருந்தது. சிலிண்டர்களுக்கெல்லாம் நெருப்புப் பொறியைப் பங்கு பிரித்து அனுப்பும் இடம். அங்கே ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலக வேண்டிய இரண்டு சின்ன உலோக முனைகள், நடுவில் சந்தனம் அப்பி, மணமேடையில் வெட்கப்படுகிறவர்கள் மாதிரி தொடாமலே நின்றன.

"உள்ளே சின்னதா கோபுரம் மாதிரி தெரிஞ்சுது," என்றார் மருதப்பன் பரிதாபமாக. "கர்ப்பக்கிரகம்னு நெனைச்சேன். அதான் அங்க கொஞ்சம் தாராளமா..."

உர்சுலாவின் அரம் மறுபடி வேலை செய்தது. இந்த முறை இயேசுதாசன் முடுக்கினார்.

லாரி உறுமியது. தேக்காவில் மறுபடியும் முட்டைகள். கூட்டம் குதித்தது. புகையின் நடுவே கூட்டாளிகள் இருவரும் மூன்றடி தூரத்தில் எதிரெதிரே நின்றார்கள். யார் யாரை மன்னிப்பது என்று கணக்குப் புரியவில்லைபோலும்.

"சரி," என்றார் சேதுபதி, வெற்றியில் மீசையை முறுக்கி. "நாளைக்கு யார் ஓட்டுறது?"

மருதப்பன் இயேசுதாசனைப் பார்த்தார். இயேசுதாசன் மருதப்பனைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியும்னுதானே..."

"எனக்கா? நீங்க ஓட்டுவீங்கன்னுதானே நான் கூட்டுச் சேர்ந்தேன்!"

நான்கு மாதத்தில் இந்தக் கேள்வி எழவே இல்லை. ஏலக் களத்திலிருந்து தேக்கா வரைக்கும் வண்டியைக் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். அதற்கப்புறம் அது ஓர் அங்குலம்கூட நகர்ந்ததில்லை. கூட்டத்தில் ஓர் அழுகை கிளம்பியது. இந்த முறை மிளகாய் காரணமில்லை.

சேதுபதி மெதுவாகத் திரும்பினார். டார்ச் வெளிச்சம் ஓரமாக நின்ற அழகப்பன் மேல் விழுந்தது.

"ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே. இதே மாதிரி வண்டியை எங்கே ஓட்டினீங்க?"

"யுத்தத்துல," என்றார் அழகப்பன். அந்த மெல்லிய குரல் இன்னும் மெலிந்தது. "மூணு வருஷம். ஏலத்துல இதைப் பார்த்ததும்... உடைச்சு இரும்பா விக்கறதுக்கு நான் கேக்கலை ஐயா. ஒரே ஒரு தடவை ஓட்டணும்னுதான் கேட்டேன். அதை எப்படி வாய்விட்டுச் சொல்றது? இரும்புக் கடைக்காரன் மாதிரியே கேட்டுப் பழகிட்டேன்."

பிறகு அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "முதல்ல அந்த பிஸ்கட் டின்னைக் கொண்டாங்க," என்றார்.

*

சனிக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிஷம். ஜுரோங்கில் செம்மண் மேடு செங்குத்தாக நின்றது. பத்து மாதம் வராத மழை, குறும்பாக, அன்று விடியற்காலையில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போயிருந்தது. மேடு முழுவதும் நெய் தடவிய மைசூர்பாகு மாதிரி இருந்தது.

கீழே நின்றவர் வேலை மேற்பார்க்கும் மண்டோர் நெய்னா முகம்மது. சிரிப்பதற்குச் சம்பளம் பிடிப்பார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். லாரியின் ஒரு பக்கக் கதவைப் படித்தார். சுற்றிப் போய் மறு பக்கத்தைப் படித்தார். ஒன்றும் சொல்லாமல், ஏறு என்று விரலை அசைத்தார்.

அழகப்பன் ஓட்டினார். பக்கத்தில் கூட்டாளிகள் இருவரும் ஒரே சீட்டில், நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு. பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே, மண் பாரத்தின் மேல், சேதுபதியும் உர்சுலாவும்.

பாதி மேடு வரை லாரி ராஜநடையாகப் போனது. பிறகு சக்கரங்கள் சுழன்றன. சேறு பனைமர உயரம் பறந்தது. வண்டி நின்றது. நின்றதோடு விடாமல் பின்னால் வழுக்க ஆரம்பித்தது. இரண்டு மெஷின், ஓர் ஆஸ்பத்திரி உத்தியோகம், இருபது வருஷச் சினேகம் எல்லாம் சேர்ந்து ஜுரோங் சதுப்பை நோக்கி இறங்கின.

"உள்ளே கூடாது... உள்ளே கூடாது..." என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த இருவரும் ஒரே நேரத்தில் கட்டுப்பாடு இழந்தார்கள். ஒருவர் தம் பக்கத்து ஜன்னல் வழியாகவும், மற்றவர் அழகப்பனைத் தாண்டி எதிர் ஜன்னல் வழியாகவும் தலையை முழுக்க வெளியே நீட்டினார்கள்.

"சவேரியாரே! கைவிட்டுடாதய்யா!" என்று அலறினார் மருதப்பன்.

"முனியாண்டி! தூக்குப்பா!" என்று அலறினார் இயேசுதாசன்.

அழகப்பன் எதையோ மிதித்தார், எதையோ இழுத்தார். ஆறு சக்கரமும் ஒரே சமயத்தில் மண்ணைக் கடித்தன. லாரி உறுமிக்கொண்டு மேட்டின் உச்சியில் போய் நின்றது. அழகப்பன் எஞ்சினை நிறுத்தினார்.

"நீ என் சாமியைக் கூப்பிட்டே," என்றார் இயேசுதாசன்.

"அவசரத்துல வாய் தவறிடுச்சு," என்றார் மருதப்பன். பிறகு, "நீயும்தான் கூப்பிட்டே... மச்சான்."

இயேசுதாசன் நடுவிலிருந்த ஒரு சாண் இடைவெளியை நகர்ந்து அடைத்துவிட்டார்.

சேற்றில் ஏறி வர மண்டோருக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. "திங்கட்கிழமை காலையில ஏழு மணிக்கு வந்துடுங்க," என்றார். நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறமும் போக மனமில்லாமல், இந்தக் கதவையும் அந்தக் கதவையும் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார்.

"ஒரு சந்தேகம் லா. பாதியில வழுக்குன வண்டியை ரெண்டு பேர்ல யார் தூக்கி விட்டது?"

அழகப்பன் முகத்துச் சேற்றைத் துடைத்தார்.

"ரெண்டு பேரும் இன்னிக்கு வெளியில இருந்தாங்க பாய். அதான் ஏறுச்சு."